ஒரே பாய், ஒரே பாத்திரம்: கடலூர்ச் சீமையில் லுத்தரன் சபைகள் பிரிந்த கதையும் சேரும் கதையும்

கடலூர் மாவட்டத்தில் லுத்தரன் கோயில் வாசல்களில் இரண்டு விதமான பெயர்ப்பலகை தொங்கும். ஒன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. இன்னொன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இரண்டு கோயிலிலும் அதே மார்ட்டின் லுத்தர்தான், அதே ஞானோபதேசம்தான். இரண்டிலும் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது நம்ம சனங்கதான். அப்புறம் எதுக்கு ரெண்டு பலகை?

கொஞ்ச காலமாகப் பக்கத்துப் பக்கத்துச் சபைகள் ஒன்றாகக் கூடுகின்றன. சீர்திருத்தத் திருநாள் வந்தால் கூட்டு ஆராதனை என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். பாடகர் குழு சேர்ந்து பாடுகிறது, வாலிபர்கள் ரத்ததானம் கொடுக்கிறார்கள், வெள்ளம் வந்தால் சேர்ந்து அரிசி மூட்டை தூக்குகிறார்கள். நல்ல காரியம். வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சேர்கிறோம் என்று சொன்னால், முன்னே எதுக்குப் பிரிஞ்சோம்னு யாராவது கேட்கணும் இல்லையா? அந்த நோட்டீசுகளில் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. சபைப் பெரியவங்களைக் கேட்டால், "அது ஜெர்மன்காரன் மிஷன், இது டென்மார்க்காரன் மிஷன்" என்று முடித்துவிடுவார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி சாதி. அந்த மீதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் கம்மாபுரம் பக்கத்துக்காரன். நெய்வேலிச் சுரங்கத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இருக்கிற பூமி. சேரிக்குள்ளே ஒரு சின்ன ஓட்டுக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன். தமிழ் எம்.ஏ. படித்தவன். இந்த வரலாற்றை வேதாகமக் கல்லூரியில் கற்கவில்லை. எங்க ஆயா சொன்ன பேச்சையும் மிஷன் வரலாற்றுப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

ஆரோனும் ராஜநாயக்கனும்

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கும் புளூச்சாவும் கப்பலை விட்டு இறங்கினார்கள். டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன்காரர்கள். அச்சுக்கூடம், புதிய ஏற்பாடு, பள்ளிக்கூடம் என்று அவர்கள் செய்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நம்ம சனங்க அந்தக் கோயிலுக்குள்ளே எங்கே உட்கார்ந்தாங்க என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். ஒரே கூரைதான். ஆனால் வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு ஓர் இடம், பறையர் கிறிஸ்தவர்களுக்கு வேறு இடம். ஊரும் சேரியும் அப்படியே கோயிலுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

கடலூருக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. 1717இல் சீகன்பால்க் கடலூரில் ஒரு தருமப் பள்ளிக்கூடம் ஏற்பாடு செய்தார். கடலூர்ப் பிள்ளை குடும்பம் ஒன்றில் பிறந்த ஆறுமுகம் அடுத்த வருசம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28ஆம் தேதி அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் குருப்பட்டம் பெற்ற முதல் புராட்டஸ்டண்டு இந்தியர் அவர்தான். கடலூர்க்காரர்கள் பெருமைப்படலாம். நானும் படுகிறேன்.

அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொருவர் இருந்தார். பெயர் ராஜநாயக்கன். பறையர். தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்து, தானே படித்து, லுத்தரன் சபைக்கு வந்தவர். வெள்ளைக்காரக் குருமார் தஞ்சாவூர் ராச்சியத்துக்குள் தம் இஷ்டத்துக்குப் போகமுடியாத காலம் அது. அந்த இடத்திலெல்லாம் உபதேசியாராக நடந்து நடந்து சபையைக் கட்டியவர் ராஜநாயக்கன்தான். அடி வாங்கியிருக்கிறார், பகை சம்பாதித்திருக்கிறார். அடுத்த குருப்பட்டம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போனது. ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை இல்லை. 1771இல் உபதேசியாராகவே செத்தார்.

என்ன காரணம்? அவருக்குத் தகுதி இல்லையென்று மிஷனரிகள் சொல்லவில்லை. ஒரு பறையர் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்றார்கள். வெள்ளைக்காரர்களுக்குள்ளேயும் முகம் சுளிப்பு இருந்தது. விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்கள் என்று சொன்ன லுத்தர் பெயரில் கட்டிய சபை இது.

சிதம்பரத்துக்காரங்களுக்கு இது புதுசா படாது. நந்தன் கதை தெரிந்தவர்கள் நாம். உள்ளே வரலாம், ஆனால் தீயில் இறங்கி வரணும் என்பது அந்தக் கதை. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கியபோது, நந்தன் பெயரையே எடுத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆக்கினார். தரங்கம்பாடிக் கோயிலில் தீ மூட்டவில்லை. ஒரு ஓரத்தைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பண்பாடு என்று ஒரு வாதம்

நூறு வருசம் இப்படியே போனது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுசாக விட்டுவிட வேண்டும் என்று ஆணை அனுப்பினார். தனித்தனி இருக்கை, திருவிருந்துக்கு முன்வரிசை பின்வரிசை, தனித்தனிக் கல்லறை எல்லாம் போகணும் என்றார். பழைய தரங்கம்பாடி வழிவந்த தஞ்சாவூர்ச் சபைகளும் சென்னை வேப்பேரிச் சபையும் அப்போது ஆங்கிலேய மிஷன் கையில் இருந்தன. வேளாளக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார்கள். அதற்கு முன்பே, வேப்பேரியில் சாதி ஒழிப்புப் பேச்சு எழுந்தபோது எதிர்த்து எழுதியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் நம் கோயில்களில் உருகிப் பாடுகிறோம். அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து புது லுத்தரன் மிஷன் வருகிறது. 1836இல் டிரெஸ்டனில் தொடங்கி, பிறகு லைப்சிக் நகரத்துக்கு மாறியதால் லைப்சிக் மிஷன் என்று பெயர். 1840களில் தரங்கம்பாடிப் பணி அதன் கைக்கு வந்தது. கோபித்துக்கொண்டு போன வேளாளக் குடும்பங்களில் பல இந்த மிஷனில் வந்து ஒண்டின. காரணம் வெளிப்படை. லைப்சிக் மிஷன் சாதியை உடனே விடச் சொல்லவில்லை.

அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்தில் இருந்தார். அவர் முடிவு இது: சாதி என்பது குடிமைச் சமூகத்தின் ஏற்பாடு, சுவிசேஷம் உள்ளிருந்து அதை மெல்ல மெல்ல இளக்கும், அவசரப்பட்டு உடைக்கக் கூடாது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாட்டில் மற்ற மிஷன்கள் சாதியை விட்டால்தான் ஞானஸ்நானம் என்று தீர்மானித்தபோது லைப்சிக் மட்டும் விலகி நின்றது.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் கிரவுல் பெயரைக் கேட்டிருக்கிறேன். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்த அறிஞர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். உண்மைதான். தமிழுக்கு அவர் செய்தது பெரிசு. ஆனால் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லும் நூலை அப்படி ஊன்றிப் படித்தவர், கோயிலுக்குள்ளே சாதிக்கு அவகாசம் கேட்டார் என்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. இந்த மண்ணின் பண்பாட்டை மதிக்கணும் என்பது அவர் வாதம். யாருடைய பண்பாடு? ஓரமா உட்கார்ந்தவனிடம் அதைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் கிரவுலின் புத்தகம் வேறு மாதிரி இருந்திருக்கும். பண்பாடு, வழக்கம், அவசரப்படாதே என்கிற இந்த வார்த்தைகளை இன்றைக்கும் ஊர்க்கூட்டத்தில் கேட்கிறோம். தேர் சேரிக்கு வரணும்னு கேட்டாலும் இதே பதில்தான்.

பட்டாம்பாக்கம்

லைப்சிக் மிஷனுக்குள்ளேயே ஒருத்தர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் கார்ல் ஓக்ஸ். மாயவரத்தில் வேலை செய்த ஜெர்மன் மிஷனரி. சாதியைப் பொறுத்துக்கொள்வது சுவிசேஷத்துக்கு விரோதம் என்று கிரவுலோடு மல்லுக்கு நின்றார். உள்நாட்டுக் குருமாரை ஏற்படுத்தும் பேச்சு எழுந்த காலத்தில் சண்டை முற்றியது. சாதியை விடாதவனுக்குக் குருப்பட்டம் எப்படி என்பது கேள்வி. ராஜநாயக்கன் காலத்துக் கேள்வியேதான், நூறு வருசம் கழிச்சுத் திரும்பி வந்தது. 1850களின் கடைசியில் ஓக்ஸ் லைப்சிக் மிஷனோடு முறித்துக்கொண்டார். பழைய லுத்தரன் மிஷனில் சாதி நடந்துவந்த வரலாற்றை ஜெர்மன் மொழியில் எழுதி 1860இல் வெளியிட்டார்.

பிறகு அவர் வந்து சேர்ந்த இடம் நம்ம கடலூர்ச் சீமை. கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் நெல்லிக்குப்பம் தாண்டினால் வருகிற பட்டாம்பாக்கம். 1860களின் தொடக்கத்தில் அங்கே ஒரு நிலையம் அமைத்துப் பெத்தானியா என்று பெயர் வைத்தார். டென்மார்க்கில் 1821இலிருந்து இருந்துவந்த டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன் மிஷனரியாக ஏற்றுக்கொண்டது. அங்கிருந்துதான் திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று அந்தப் பணி பரவியது. அதுவே பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது. கடலூர், சிதம்பரம் நகரங்களில் லைப்சிக் நிலையங்கள் இருந்தன. அவை 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குள் போயின.

இப்போது அந்த இரண்டு பலகையையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லுத்தரன் சபை முளைத்ததற்குக் காரணம் கடல்கடந்த தேசங்கள் மட்டும் இல்லை. பட்டாம்பாக்கத்துக்கு வந்தவரும் ஜெர்மன்காரர்தானே! பறையனும் வேளாளனும் ஒரே பாயில் உட்காரணுமா, ஒரே பாத்திரத்தில் குடிக்கணுமா என்கிற கேள்வியில்தான் அந்தக் கோடு விழுந்தது.

ஓக்ஸை நான் தெய்வமாக்கவில்லை. அந்தச் சண்டை முழுக்க வெள்ளைக்கார மிஷனரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதச் சண்டை. எங்க பாட்டன் பூட்டன் குரல் அதில் எங்கேயும் பதிவாகவில்லை. சாதியை எதிர்த்து ஒரு மிஷன் தொடங்கிவிட்டால் அதில் சாதி செத்துவிடும் என்றும் இல்லை. பிறகு வந்த நூற்றைம்பது வருசத்தில் எந்தச் சபையும் சுத்தமாக இருந்துவிடவில்லை. பதவி, சொத்து, பள்ளிக்கூட வேலை, கல்யாணம் என்று ஒவ்வொரு சந்திலும் அது நுழைந்தது. ஆனால் பிரிவின் காரணம் பதிவில் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டுச் சேர முடியாது.

உலகத்தில் வேறு இடத்திலும் இதே கணக்கு நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டச்சுச் சீர்திருத்தச் சபையின் 1857ஆம் வருசச் சினட், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்தே கூடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒத்துக்கொண்டது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியே கூடலாம் என்று அனுமதி கொடுத்தது. ஓக்ஸும் கிரவுலும் இங்கே மோதிக்கொண்டிருந்த அதே காலம். பலவீனத்துக்குக் கொடுத்த அனுமதி 1881இல் நிறம் பார்த்துத் தனிச் சபையாகவே வளர்ந்தது. அங்கேயும் பலவீனம் மேலே இருந்தவனுக்கு, பாரம் கீழே இருந்தவனுக்கு.

காகிதத்தில் சேர்ந்தது

இருபதாம் நூற்றாண்டில் சேருகிற பேச்சு நிறைய நடந்தது. 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. அதே வருசம் மே மாதம் அதே தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன், தென்னிந்திய ஐக்கிய சபை குருமார் கூடி, ஒரே சபையாகணும் என்று அறிக்கை விட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1947 செப்டம்பரில் வந்த தென்னிந்தியத் திருச்சபை. லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை. பிறகு பல வருசம் பேச்சுவார்த்தை நடந்தது. கொள்கை பேசினார்கள், பிஷப் பதவி பேசினார்கள், திருவிருந்துக் கோட்பாடு பேசினார்கள்.

லுத்தரன் சபைகளுக்குள் 1926இல் அகில இந்திய அளவில் ஒரு கூட்டமைப்பு வந்தது. 1975இல் அது இந்திய ஐக்கிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனது. நம்முடைய இரண்டு சபைகளும் அதில் அங்கம். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற குருகுல் இறையியல் கல்லூரி இவர்களுக்குப் பொது. அங்கே தலித் இறையியலுக்கென்று ஒரு துறை வந்தது, அரவிந்த் நிர்மல் அதன் தலைவராக இருந்தார். மேலிருந்து நடந்த ஒற்றுமையில் நமக்கு உருப்படியாகக் கிடைத்தது அதுதான் என்று சொல்வேன். பாதிக்கப்பட்டவனின் அனுபவத்திலிருந்து கடவுளைப் பேசலாம் என்கிற தைரியம் அங்கே படித்து வந்த நம் பிள்ளைகளுக்கு வந்தது.

சேவை என்று எடுத்துக்கொண்டால் பரங்கிப்பேட்டையைச் சொல்லணும். ஆன் மேரி பீட்டர்சன் என்கிற டேனிஷ் பெண்மணி, மிஷன் சங்கத்தோடு வந்தவர், பிறகு அதைவிட்டு விலகி அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு தேசியப் பள்ளி கட்டினார். 1921இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். மிஷன் வேலிக்கு வெளியே வந்து ஊரோடு சேர்ந்தால்தான் சேவை என்று அந்த அம்மா நினைத்தார். காந்தியோடு நமக்கு ஆயிரம் கணக்கு பாக்கி இருக்கிறது. அது வேறு. வேலி தாண்டினார் என்பதை ஒத்துக்கொள்ளணும்.

ஆக, காகிதத்தில் ஒற்றுமை 1926லேயே வந்துவிட்டது. கிராமத்தில் பக்கத்துப் பக்கத்துச் சபைகள் எப்போது சேர்ந்தன? எங்க பக்கம் நடந்ததைச் சொல்றேன். சபைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

தானே புயலும் ஒரு கல்லறையும்

எங்களுடையது சேரிக் கோயில். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மெயின்ரோட்டில் இன்னொரு லுத்தரன் கோயில். கான்கிரீட் கட்டடம். வாத்தியார், ஆபீஸ் உத்தியோகம், சொந்த நிலம் என்று இருக்கிற குடும்பங்கள் அங்கே முன்பெஞ்சுக்காரர்கள், அவர்களில் மற்ற சாதிக்காரர்களும் உண்டு. எங்க ஆயா சின்ன வயசில் அந்தக் கோயிலுக்குப் பெரிய வெள்ளிக்குப் போனதைச் சொல்லும். "நாங்க கடைசியில நிப்போம். திருவிருந்துக்கு அவங்க எல்லாம் எழுந்திருச்சுப் போயி வந்தப்புறம் ஐயரு எங்களப் பாத்துத் தலைய ஆட்டுவாரு. அப்பதான் போவணும். யாரும் எழுதி வைக்கல. தலையாட்டுறதுதான் சட்டம்."

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தது. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்க கோயில் ஓடெல்லாம் பறந்துபோனது. சேரியில் குடிசை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் வருசக் கடைசி ஆராதனை. எங்கே நடத்துவது? மெயின்ரோட்டுக் கோயில் வாலிபப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து, "எல்லாரும் அங்க வந்துடுங்க" என்று சொன்னார்கள். கமிட்டியைக் கேட்டார்களா என்று தெரியாது. போனோம். கரண்ட் இல்லை. நாலு அரிக்கன் விளக்கு, சில மெழுகுவர்த்தி. திருவிருந்து வந்தபோது யார் எந்த ஊர், யார் எந்தத் தெரு என்று முகம் தெரியவில்லை. கிடைத்த இடத்தில் முழங்கால் போட்டார்கள். ஒரே பாத்திரம் எல்லார் வாயிலும் பட்டுப் போனது. வெளியே வந்தபோது எங்க தெருப் பெரியம்மா ஒண்ணு சொல்லிச்சு: "கரண்ட நிறுத்தித்தான் கர்த்தரு சமத்துவம் பண்ண வேண்டியிருக்கு."

அடுத்த பத்து நாள் இரண்டு சபையும் சேர்ந்து வேலை செய்தோம். மரம் வெட்டிப் பாதை திறந்தோம், தார்ப்பாய் கட்டினோம், கோயில் வாசலிலேயே பொங்கிப் போட்டோம். சமைத்தது எங்க பொம்பளைங்க. முதல் இரண்டு நாள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். மூணாம் நாள் சில வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் நாலைந்து பேர் அந்தத் தூக்குச்சட்டியைத் திறக்காமல் வந்து எங்களோடு இலையில் உட்கார்ந்தார்கள். அதுவும் நடந்தது. அதையும் எழுதணும்.

நிவாரணம் வந்தபோது இன்னொரு பாடம். விழுந்த மரத்துக்குப் பணம் பட்டா இருக்கிறவனுக்குப் போனது. அந்த முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிப் பிழைத்தவளுக்குப் பட்டா ஏது? மரம் விழுந்ததில் அவளுக்கும் வருசக் கூலி போனது. இரண்டு சபையும் சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதலாம் என்று சொன்னோம். அரிசி கொடுக்க வந்த கை, மனுவில் கையெழுத்துப் போட வரவில்லை. "சபை அரசியல் பேசக்கூடாது" என்றார்கள். கூட்டு ஊழியம் எந்த இடத்தில் நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கொடுப்பதில் சேருவார்கள். கேட்பதில் சேரமாட்டார்கள்.

அடுத்த வருசம் கூட்டு ஆராதனை நோட்டீசோடு, மைக்செட்டோடு நடந்தது. அதற்குச் சில மாதம் கழித்து எங்க சபையில் ஒரு கூலிக்காரத் தாத்தா செத்துப்போனார். மழைக்காலம், எங்க சுடுகாட்டில் முழங்கால் தண்ணி. மெயின்ரோட்டுச் சபைக்கு மேட்டில் மதில் கட்டிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரு குழி கேட்டோம். "கமிட்டியில வச்சுப் பேசணும்" என்று பதில். பிணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பேசுவது? ஏரிக்கரையில் புதைத்தோம். பிறகு பேசினார்கள். மதிலை ஒட்டி, பின்பக்கம், எங்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்கள். எங்க சபையார் கூடி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தரங்கம்பாடியில் உயிரோடு காட்டிய ஓரத்தைச் செத்த பிறகும் வாங்கிக்கொள்ளச் சொன்னால் எப்படி?

அப்புறம் அந்தப் பேச்சை விடாமல் பிடித்தது இரண்டு சபை வாலிபர் சங்கமும்தான். பந்தியில் வந்து உட்கார்ந்த அந்த நாலைந்து பேர் முன்னே நின்றார்கள். கமிட்டிக்கு மேல் கமிட்டி, கடிதத்துக்கு மேல் கடிதம். 2015 வெள்ளம் வந்து, மறுபடி எங்க சுடுகாடு மூழ்கிய பிறகு தீர்மானம் எழுதினார்கள். ஒரே வரி: இரண்டு சபையாரையும் இறந்த வரிசைப்படி அடக்கம் செய்வது. மூலை இல்லை, தனி வரிசை இல்லை. இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்தில் எங்க தெருக் களையெடுக்கிற அம்மா படுத்திருக்கிறது.

நாலு வருசம் ஆனது அந்த ஒரு வரிக்கு. என்னைக் கேட்டால் எங்க பக்கத்தில் இரண்டு லுத்தரன் சபைகள் சேர்ந்த நாள் அந்தத் தீர்மானம் எழுதிய நாள்தான்.

எதைக் கேட்க வேண்டும்

1977இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்ப்பது அரசியல் கருத்து மட்டும் இல்லை, விசுவாச அறிக்கையைச் சேர்ந்த விஷயம் என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில், நிறவெறியைக் கைவிடாத இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்பினர் உரிமையை நிறுத்திவைத்தது. 2009 மார்ச்சில் பாங்காக்கில் அதே சம்மேளனமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து தலித்துகளுக்கான நீதி பற்றி மாநாடு நடத்தி அறிக்கை வெளியிட்டன. உலக மேடையில் சொல்லியாகிவிட்டது. கடலூர்க் கமிட்டி ரூமுக்கு அது வந்து சேரணும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1950ஆம் வருசக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்து மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதைத் திறந்தார்கள். கிறிஸ்தவத் தலித்துக்குத் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் திறக்கச் சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்பது அரசாங்கத்தின் பழைய வாதம். சபைக்குள்ளே சாதி இருந்தது, இருக்கிறது என்று சபையே வாய்திறந்து சொன்னால்தான் அந்த வாதம் உடையும். கூட்டு ஆராதனை மேடையில் "நாமெல்லாம் ஒன்று" என்று மட்டும் பேசிவிட்டு இறங்கினால், அந்தப் பேச்சையே நமக்கு எதிராகச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் பக்கத்துச் சபையோடு சேரப்போகிற நம்ம சனங்களுக்குச் சொல்றேன். போங்க, சேருங்க, பாடுங்க. போகும்போது நாலு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்க. திருவிருந்துக்கு யார் தலையாட்டி யார் எழுந்திருக்கிறார்கள்? நம்ம பொம்பளைங்க சமைத்ததை எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? கல்லறையில் வரிசை எப்படி? நிலத்துக்கும் கூலிக்கும் சான்றிதழுக்கும் மனு எழுதினால் அவர்கள் கையெழுத்து விழுமா?

இந்தக் கேள்விகளுக்கு முன்னோடி பட்டாம்பாக்கத்துக்கு வந்த வெள்ளைக்காரர் மட்டும் இல்லை. குருப்பட்டம் கிடைக்காமலே தஞ்சாவூர்ச் சீமையெல்லாம் நடந்த ராஜநாயக்கன் அவருக்கும் மூத்தவர். அடுத்த கூட்டு ஆராதனைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது லுத்தர் படத்துக்குக் கீழே அவர் பேரையும் போடச் சொல்லுங்க. யார் இவர்னு பிள்ளைங்க கேட்கும். கேட்டால் பெரியவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்.